எட்டாம் நாளில் மாறிய கொடி

தளவானூர்
13-8-1964

மாமாவுக்கு வள்ளி எழுதிக்கிறது.

இங்க நைனா, அம்மா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆடி முடிய இன்னும் மூணு நாள்தான் இருக்குது. கல்யாணமாகி நாப்பது நாள்ல ஆடின்னு சொல்லி என்னை இங்க கூட்டியாந்தாங்க. பஸ்ல ஏத்திவிடும்போது நீங்க இன்னா சொன்னீங்க? ஆவணி ஒண்ணாந்தேதி மொத பஸ்ல வந்து நிப்பேன்னீங்க. நான் பொட்டிகூட அடுக்கிட்டேன். உங்ககிட்டேர்ந்து பதினெட்டு நாளா ஒரு கார்டு இல்ல.

உங்க சேதியெல்லாம் கண்டக்டர் பெரியதம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியுது. செஞ்சியில காலராவாம். நம்ம குளத்துமேட்டுத் தெருவுல சிவப்புக் கொடி கட்டிட்டாங்களாம், யாரும் உள்ள போவக் கூடாது, வெளிய வரக் கூடாதாம். ஹெல்த் இன்ஸ்பெக்டர் பொண்டாட்டிக்கு இதை ஊரான் சொல்லணும். சரி, வேலை அதிகம்னு மனசத் தேத்திக்கினேன். அப்புறம் அவன் சிரிச்சிக்கினே இன்னொண்ணு சொன்னான். "உங்க வூட்டு வாசல்ல ஒரு நர்சம்மா இருக்காங்க. இம்மாம் பெரிய அண்டாவுல தண்ணி காய்ச்சி எல்லாருக்கும் ஊத்துறாங்க"ன்னான்.

எந்த அண்டா மாமா? நைனா எனக்கு சீர் குடுத்த அண்டாவா? அதுல நான் இன்னும் ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாக்கல. கைப்பிடியில சுத்தின மஞ்சக்கயிறு கூட அவிழ்க்கல.

யார் அந்தம்மா? எந்த ஊர்? இன்னா வயசு? மூணுக்கும் பதில் எழுதுங்க.

வள்ளியம்மை


செஞ்சி
15-8-1964

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுதாமல் இருந்தது தப்புதான். எழுத உட்கார்ந்தால் கையில் பிளீச்சிங் பவுடர் நாற்றம். இந்தக் கையால் தொட்ட காகிதத்தை உனக்கு அனுப்பவேண்டுமா என்று தோன்றும். அப்படியே நாள் போய்விட்டது.

நம் தெருவில் மட்டும் பதினோரு பேருக்கு வந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். எங்கள் டாக்டர் இராமச்சந்திரன் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்று மூன்று கொடி. சிவப்பு என்றால் தெருவுக்குள் யாரும் வரக்கூடாது, போகக்கூடாது, கிணற்றுக்குப் பூட்டு, நாங்கள் காய்ச்சிக் கொடுக்கும் தண்ணீர்தான். மஞ்சள் என்றால் கிணறு திறக்கலாம், உறவுக்காரர்கள் வரலாம், ஆனால் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும், விருந்து, கூழ் ஊற்றுவது எதுவும் கிடையாது. வெள்ளை என்றால் பழையபடி. கடைசியாக ஒருவர் படுத்த நாளிலிருந்து பத்து நாள் முழுசாகக் கழிந்தால்தான் சிவப்பு மஞ்சளாகும். பதின்மூன்றாம் தேதி ஒருவர் படுத்தார், நோட்டில் நான்தான் குறித்தேன். அதன் பிறகு யாரும் இல்லை. இப்படியே போனால் இருபத்துநான்காம் தேதி திங்கட்கிழமை காலையில் மஞ்சள் ஏறும். அன்றைக்கே வந்து உன்னைக் கூட்டிவருவேன்.

நர்ஸின் பேர் ஜானகி. ஊர் கடலூர். வயது இருபத்தாறு இருக்கும். ஆஸ்பத்திரியில் இடமில்லாததால் நம் வாசலில்தான் மருந்துப்பெட்டி இருக்கிறது. தெருவிலேயே பெரிய பாத்திரம் உன் அண்டாதான். வேறு வழி தெரியவில்லை. ஜானகி மட்டும் இல்லையென்றால் இன்னும் நாலைந்து பேர் போயிருப்பார்கள். நரம்பு கிடைக்காமல் டாக்டரே கை விட்ட ஒரு கிழவருக்கு ஜானகி ஒரே குத்தில் உப்புத்தண்ணீர் ஏற்றினாள். என்ன தைரியம் என்கிறாய்! இரண்டு நாளாக நான் சாப்பிடவில்லை என்று பார்த்து, ஜானகிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

கலியபெருமாள்


தளவானூர்
17-8-1964, ஆவணி ஒண்ணு

மாமாவுக்கு,

உங்க கடிதாசிய மூணு வாட்டி படிச்சேன். வள்ளின்னு ஒரு வாட்டி எழுதியிருக்கீங்க. ஜானகின்னு நாலு வாட்டி. எட்டாவது படிச்ச எனக்கு எண்ணத் தெரியும்.

இருபத்தாறு வயசு "இருக்கும்"னு எழுதுறீங்க. உத்துப் பாத்தாத்தானே வயசு தெரியும். "குடுத்தாங்க"ன்னு எழுத வேண்டிய எடத்துல "கொடுத்தாள்"னு வருது. கூட வேலை செய்யறவங்கள அவள் இவள்னு எப்பலேர்ந்து கூப்பிட ஆரம்பிச்சீங்க? என் அடுப்பு, என் அண்டா, என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி. நான் வச்சிக் குடுக்க வேண்டிய கஞ்சி மாமா அது. உங்களுக்கு உப்பு கம்மியா வேணும்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா? தெரியும்னா அதையும் எனக்கு எழுதாதீங்க.

கொடி யார் கையில இருக்குது? உங்க கையில. எந்தக் கலர் ஏத்தணும்னு நோட்டுல எழுதறது யார்? நீங்க. அப்ப என்ன உள்ள விடாம வச்சிருக்கறது காலராவா, நீங்களா? அந்தம்மா சிவப்புக் கொடிக்கு உள்ள வரலாம், போவலாம். தாலி கட்டிக்கினவ வெளிய நிக்கணும்.

இன்னிக்கு மொத பஸ்ஸுக்கு நின்னேன். நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சும் நின்னேன். எறங்கினது என் அத்தை மவன் முருகையன். என்ன அவனுக்குத்தான் கட்டிக் குடுக்கறதா மொதல்ல பேச்சு இருந்துது, உங்களுக்கும் தெரியும். பொட்டியோட நிக்கிறதப் பாத்துட்டு, "இன்னா வள்ளி, கொடின்னா மதில் சுவரா? நானா இருந்தா கோட்டைய தாண்டிக்கினு வந்திருப்பேன்"னான். பொட்டிய அவன்தான் வீட்டுக்குத் தூக்கியாந்தான். அம்மா அவனுக்கு சோறு போட்டாங்க. நான்தான் பரிமாறினேன்.

வள்ளியம்மை


செஞ்சி
19-8-1964

வள்ளி, வள்ளி, வள்ளி, வள்ளி. எண்ணிக்கொள்.

முருகையன் பேச்சை எனக்கு ஏன் எழுதினாய்? எழுதினால் நான் என்ன ஆவேன் என்று தெரிந்துதானே எழுதினாய். நேற்று முழுக்க வேலை ஓடவில்லை. கிணற்றில் மருந்து போடும்போது அளவு மறந்து, ஜானகி அம்மா (எழுதிவிட்டேன், பார்) கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அதற்கும் நீ கோபப்படுவாய். பரிமாறினாயாமே. என்ன குழம்பு?

கோட்டையைத் தாண்டி வருவானாம். தாண்டி வந்து, போகும்போது தளவானூருக்குப் பேதியை எடுத்துக்கொண்டு போவான். அதைச் சொல்ல ஆளில்லையா அங்கே?

இங்கேயும் இதே பேச்சுதான். பக்கத்து வீட்டு வளையல்கடை சைபுதீன் தினமும் கேட்கிறார், அசீசுன்னிசாவை எப்போது கூட்டிவரலாம் என்று. பிள்ளை உண்டாகி ஐந்து மாதம். நோய் வந்ததுமே திண்டிவனத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். கொடியைப் பாருங்கள் பாய் என்றால், "கொடியை யார் சார் பார்க்கிறது, நாங்க உங்களைத்தான் பார்க்கிறோம்" என்கிறார்.

வள்ளி, வெள்ளிக்கிழமை இருபத்தொன்றாம் தேதி காலையில் கொடி மாறும். டாக்டர் விழுப்புரம் போயிருக்கிறார், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பத்து மணி பஸ்ஸில் வந்துவிடு. உன் நைனாவோடு வா. வேறு யாரும் பெட்டி தூக்க வேண்டாம்.

கலியபெருமாள்


வல்லம்
26-8-1964

அன்புள்ள வள்ளிக்கு,

நேற்று காலையில் அசீசுன்னிசாவுக்கு வாந்தி என்று நீ ஓடிவந்து சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லவா. அங்கே டாக்டர் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். தேதிகளை விரலால் எண்ணினார். "எட்டாம் நாளே கொடியை மாற்றியிருக்கிறாயா, கலியபெருமாள்?" என்றார். ஆமாம் சார் என்றேன். "ஏன்?" என்றார். என் சம்சாரத்தைக் கூட்டிவர என்றேன். வேறு பொய் வாயில் வரவில்லை.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ இனிமேல் அந்தத் தெருவுக்குள் போகவேண்டாம்" என்றார். சட்டையைக் கொதிநீரில் போட்டு, வேறு வேட்டி கொடுத்து, அப்படியே ஜீப்பில் வல்லத்துக்கு அனுப்பிவிட்டார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். என்னைத் தனியறையில் வைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

நடந்ததை உனக்கும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நீ பெட்டியோடு தெருவுக்குள் நடந்து வந்தாய். ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. மத்தியானமே கிணற்றுப் பூட்டைத் திறந்துவிட்டேன். இன்னும் ஒரு முறை மருந்து போட்டு ஒருநாள் விட்டிருக்கவேண்டும். மறுநாள் சைபுதீன் பாய் திண்டிவனம் போய் அசீசுன்னிசாவைக் கூட்டிவந்துவிட்டார். மஞ்சள் கொடி என்றால் நம் ஜனங்களுக்கு மங்கலம், அவ்வளவுதான். யாரும் தண்ணீர் காய்ச்சவில்லை. இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியே வந்தாயிற்று, இனி என்ன பயம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? மறைக்காமல் எழுது. தெருவில் மறுபடி சிவப்பு ஏறியிருக்கும். நீ உள்ளே மாட்டிக்கொண்டாய். நான் வெளியே இருக்கிறேன். என்மேல் உனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவையும் எழுது.

கலியபெருமாள்


செஞ்சி
29-8-1964

மாமாவுக்கு,

அசீசு பொழச்சிக்கினா. வயித்துல இருந்தது தங்கல. புதன்கிழமை மத்தியானம் போயிடுச்சி. அவளுக்கு இன்னும் எழுந்து உக்கார முடியல. அதுக்கப்புறம் தெருவுல மேலண்டப் பக்கம் ரெண்டு பேருக்கு வந்துது. கடைசி ஆளு முந்தாநாள், இருபத்தேழாந்தேதி படுத்தாரு. அவங்க ரெண்டு பேரும் தேறிட்டாங்க.

உங்கமேல மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்ல. இருபத்துநாலாந்தேதின்னு நீங்க மொதக் கடிதாசியில எழுதியிருந்தீங்க. அப்புறம் இருபத்தொண்ணுன்னீங்க. எண்ணத் தெரியும்னு பெருமை பேசினவளுக்கு அது தெரியாதா? தெரிஞ்சிதான் வந்தேன். செயிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு வந்தேன்.

இப்ப நம்ம வாசல்ல அண்டாவுக்கு நெருப்புப் போடறது நான்தான். ஜானகியம்மா சொன்னாங்க, செய்யறேன். அவங்களப் பத்தி எழுதணும்.

முதல் நாள் அவங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. வெளுப்பா, ஒசரமா, நடக்கறப்ப சத்தமே இல்லாம இருக்காங்க. நீங்க உத்துப் பாத்திருப்பீங்கன்னு அப்பவே எனக்கு வயிறு எரிஞ்சுது. புதன்கிழமை அசீசுக்கு ரொம்ப மோசமாயிடுச்சி. "கையப் புடி, ஆட்டாம புடி"ன்னாங்க. நான் பயத்துல கண்ண மூடிக்கினேன். ஊசி ஒரு வாட்டி நழுவிடுச்சி. "நீங்க பயந்தா அவங்களுக்குத் தெரியும், அவங்க மூஞ்சியப் பாத்துச் சிரிங்க"ன்னாங்க. என்னால சிரிக்க முடியல. அவங்க சிரிச்சாங்க. ஊசி ஏறிடுச்சி.

அன்னிக்கி சாயங்காலம் கேட்டுட்டேன். "எங்க வூட்டுக்காரர் கொடி மாத்தினது உங்களுக்குத் தெரியுமா"ன்னு. "தெரியும். நோட்டுல என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட மாட்டேன்னேன். மூணு நாள் பொறுங்க சார்னேன். கேக்கல"ன்னாங்க. நான் தலை குனிஞ்சிக்கினேன்.

இப்பவும் எனக்கு அவங்கமேல பொறாமைதான் மாமா. ஆனா கஞ்சிக்காக இல்ல. வேணாம்னு உங்க மூஞ்சிக்கு நேரா அவங்க சொன்னாங்க. நான் பொண்டாட்டி, சொல்ல வேண்டியவ, வான்னதும் ஓடியாந்தேன். அது என்னைத் தூங்க விடல.

வள்ளி


வல்லம்
1-9-1964

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பிள்ளை. ஐந்து மாதம். பாய் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜானகி அம்மா சொன்னது உண்மைதான். ஒருநாள் அவர்களைப் பற்றி உனக்குப் பெருமையாக எழுதினேன், நாலு நாள் கழித்து அவர்கள் பேச்சையே கேட்கவில்லை. நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்ய எனக்குப் பிடித்திருந்தது. அது உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் அப்படி எழுதினாய். நீ சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய்.

இப்போது இன்னொரு விஷயம். பெரியதம்பி நேற்று வல்லத்துக்கு வந்தான். தளவானூரிலிருந்து முருகையன் தினமும் மாட்டுவண்டியில் விறகு கொண்டுவந்து தெருமுனையில் இறக்குகிறானாம். தெருவை அடைத்துக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே நின்று நீ வாங்கிக்கொள்கிறாயாம். இதை நீ எனக்கு எழுதவில்லை. ஏன்? நான் இங்கே அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தினமும் உன்னைப் பார்க்கிறான்.

எனக்கு இங்கே கண்காணிப்பு முடிந்துவிட்டது. நோய் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை விடுப்பு. சைக்கிள் இருக்கிறது. செட்டிகுளத்துக் கரை வழியாக வந்தால் நம் கொல்லைப்பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கொல்லைக் கதவைத் திறந்து வை.

கலியபெருமாள்


செஞ்சி
2-9-1964

மாமாவுக்கு,

இதை ஆஸ்பத்திரி ஆளு கையில குடுத்து இன்னிக்கே சேர்க்கச் சொல்லியிருக்கேன்.

வராதீங்க. கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுட்டேன். சாவி ஜானகியம்மாகிட்ட குடுத்துட்டேன். நீங்க வந்து கூப்பிட்டா நான் தெறந்துடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

முருகையன் விறகு கொண்டாரது நெசம். நைனாதான் அனுப்புறாரு. நாலு அண்டா தண்ணி காய்ச்ச விறகுக்கு எங்க போறது? அவன் கயிறு வரைக்கும் வந்து எறக்கிட்டுப் போறான். முதல் நாள் தாண்டப் பாத்தான். "கோட்டைய தாண்டுறவன்தானே, ஆனா இந்தக் கயித்த தாண்டாதே"ன்னேன். அதுலேர்ந்து தாண்டல. எழுதாதது ஏன்னா, எழுதினா நீங்க இப்படித்தான் ஆவீங்க. இந்தப் பொறாமைதானே மாமா கொடிய மாத்துச்சி. என்னுதும் உங்களுதும் சேந்து. இன்னும் பத்தலையா?

நேத்து அசீசுகிட்ட சொல்லிட்டேன். தண்ணி குடுக்கப் போனப்ப, அவ மட்டும்தான் இருந்தா. "நான்தான் அவரை நச்சரிச்சி எழுதினேன். அதுக்காகத்தான் மூணு நாள் முந்தியே கொடி மாத்தினாரு"ன்னேன்.  அவ சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா. திரும்பாமலே, "உன் வூட்டுக்காரர் உன்னக் கூப்டாரு. என் வூட்டுக்காரர் என்னக் கூப்டாரு. ரெண்டு பேருமே ஓடியாந்தோம். நீ நடக்கற. நான் படுத்திருக்கேன்"னா. அப்புறம், "நாளைக்கு நீ வராதே அக்கா, நர்சம்மாவ அனுப்பு"ன்னா.

இன்னிக்கு ஜானகியம்மாதான் தண்ணி கொண்டுபோறாங்க. நான் வாசல்லயே நிக்கிறேன்.

நீங்க நாளைக்குக் கொல்லைப்பக்கம் வந்து, அதை சைபுதீன் பாய் பாத்தா இன்னா ஆவும்? இன்ஸ்பெக்டரே வந்துட்டாருன்னு மறுபடி தெருவே கயித்த அவுத்துடும். யாரும் கொடியப் பாக்கறதில்ல, நம்மளத்தான் பாக்கறாங்கன்னு பாய் சொன்னதா நீங்கதானே எழுதினீங்க.

வந்தீங்கன்னா நானே டாக்டர்கிட்ட போயி சொல்லுவேன்.

வள்ளி


வல்லம்
4-9-1964

வள்ளிக்கு,

வரவில்லை. சைக்கிளை எடுத்து வல்லம் கூட்டுரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அங்கேயிருந்து கோட்டை மலை தெரிந்தது. அவ்வளவுதான்.

முதலில் கோபம் வந்தது. என் பெண்டாட்டி என்னிடமிருந்து என் வீட்டுச் சாவியை எடுத்து வேறொருத்தியிடம் கொடுக்கிறாள் என்று. அப்புறம், என்னிடம் வேணாம் என்று சொல்லும் ஆள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் என்று தோன்றியது. அதில் ஒருத்தி எனக்குச் சொந்தம்.

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நடந்ததைத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியப்படுத்தவேண்டும், இனி கொடி மாற்ற இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று எழுதினேன். வேலை என்ன ஆகும் தெரியவில்லை. கடலூருக்குத் தூக்கியடிப்பார்கள், இல்லை என்றால் நிறுத்திவைப்பார்கள். எது வந்தாலும் நீ என்னோடு வருவாயா?

சைபுதீன் பாய்க்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று காகிதம் கிழித்தேன்.

கலியபெருமாள்


செஞ்சி
6-9-1964

மாமாவுக்கு,

இன்னியோட பத்து நாள். யாருக்கும் வரல. நாளைக்குத் திங்கக்கெழமை டாக்டரே வந்து மஞ்சக் கொடி கட்டப் போறாரு. நோட்டுல அவரும் ஜானகியம்மாவும் கையெழுத்துப் போட்டாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். உங்க லெட்டரை அவரு படிச்சிட்டு மடிச்சி வச்சிக்கினாரு, வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லல. கடலூர்னா கடலூர். வருவேன்.

தெருவுல வீடு வீடாப் போயி சொல்லிட்டோம். மஞ்சன்னா மங்கலம் இல்ல, தண்ணி காய்ச்சணும், கூழ் ஊத்தக் கூடாதுன்னு. ஒருத்தர் "இன்ஸ்பெக்டரம்மா காய்ச்சறீங்களா?"ன்னு கேட்டாரு. உள்ள வந்து பாருங்கன்னேன். வந்து பாத்துட்டுப் போனாரு.

சைபுதீன் பாய்க்குக் கடிதாசி எழுதாதீங்க. காகிதத்துல சொல்றது இல்ல அது. அவருக்கு விஷயம் தெரியும், அசீசு சொல்லியிருக்கா. உங்ககூட பேசமாட்டேன்னு தெருவுல நின்னு எல்லார் காதுலயும் விழறமாதிரி சொன்னாரு. நாலஞ்சி நாளா என்னப் பாத்தாலும் திரும்பிக்கிறாரு.

நேத்து காலையில அசீசு தானே எழுந்து வாசல் வரைக்கும் வந்தா. சொம்ப நீட்டினா. என்கிட்டதான் நீட்டினா, ஜானகியம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஊத்தினேன். வாங்கிக்கினு உள்ள போயிட்டா.  சூடு ஆறட்டும்னு கூட சொல்ல வாய் வரல.

நீங்க தெருவுக்குள்ள வரலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், இதையும் ஆஸ்பத்திரி ஆளு கையிலதான் அனுப்பறேன், நாளைக்கு வாங்க. பத்து மணி பஸ்ல வாங்க, முன்பக்கமா, எல்லாரும் பாக்க. நான் தெருமுனையில நிப்பேன். நேரா நம்ம வூட்டுக்குப் போக வேணாம். முதல்ல பாய் வூட்டுக்குப் போவோம். அவரு கதவச் சாத்தினா வாசல்ல நிப்போம். திட்டினா கேப்போம். நீங்க ஒருத்தர் மட்டும் போனா பத்தாது, நானும் வரேன்.

வள்ளி